முன்தண்டுக் குண்டனும் ஒல்லியும்

திரையில் ஒரு குண்டனும் ஒரு ஒல்லியும் சேர்ந்து வந்தால் எல்லாருக்கும் சிரிப்பு வரும். எனக்குப் பயம் வரும். அவர்கள் இன்னும் ஒன்றுமே செய்திருக்க மாட்டார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குள் என் உள்ளங்கை வியர்த்துவிடும். பழைய அமெரிக்கக் காமெடிப் படத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். அவர்கள் யாரும் தண்டுக்கு அடியில் நின்றதில்லை.

அறுபதுகளின் கடைசியில் நான் திருவள்ளூரில் இருந்தேன். காலையில் பாசஞ்சர் பிடித்து மெட்ராஸ் போய் ஒரு ஆபீசில் டைப் அடித்துவிட்டு சாயங்காலம் திரும்புகிற கூட்டத்தில் ஒருவன். அது பிழைப்பு. பிறப்பால் வந்த வேலை வேறு. ஊரின் பெரிய கோவிலைச் சொல்லவில்லை. அதற்குச் சில தெருக்கள் தள்ளி ஒரு சின்னப் பெருமாள் கோவில். அங்கே உற்சவ காலத்தில் பெருமாளைத் தோளில் சுமக்கிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஸ்ரீபாதம் தாங்குகிறவர்கள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். வாகனத்துக்கு அடியில் இரண்டு நீளத் தண்டுகள் போகும். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர். இடது தண்டின் முன்நுனி எங்கள் குடும்பத்துக்கு. வலது தண்டின் முன்நுனி என் அக்காவைக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு. யாரும் உயரம் பார்த்தோ உடம்பு பார்த்தோ கொடுத்ததல்ல. எந்தக் காலத்திலோ யாரோ கொடுத்தது, அப்படியே வந்துவிட்டது.

அதனால் இடது நுனியில் நான், கொக்குக்கு வேட்டி கட்டியது மாதிரி. வலது நுனியில் என் அக்கா புருஷன், என் அத்திம்பேர். என் தோளுக்குத்தான் எட்டுவார். அகலத்தில் என்னைப்போல் இரண்டு பேரை அவருக்குள் வைத்துத் தைக்கலாம். உயரத்தைச் சரிக்கட்ட அவர் தோளில் பாதித் தலையணை அளவுக்குத் துணி மடித்து வைத்துக்கொள்வார். எப்போதும் அவர்தான் உத்தரவு போடுவார், நான்தான் தப்புச் செய்வேன். "வலது கால்னா வலது கால்டா. உங்காத்துல எந்தக் காலை வலதுன்னு சொல்லிக்கொடுத்தா?" என்பார். அவர் கோபத்தில் உப்பு இருக்கும், காரம் இருக்காது.

முன்நுனியில் நிற்கிற இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் காலெடுக்க வேண்டும். அத்திம்பேர் என்னைப் பார்த்துத் தலையசைப்பார். இருவரும் சேர்ந்து எடுப்போம். பின்னால் இருப்பவர்கள் எங்கள் குதிகாலைப் பார்த்து எடுப்பார்கள். அந்த ஒரு பார்வையில்தான் மொத்த வாகனமும் நடந்தது. பெருமாள் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைத்தாலே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டென்ட் கொட்டாய் இருந்தது. மெயின் படம் தொடங்கும்முன், ஜனம் உள்ளே வந்து உட்காருவதற்குள், பழைய வெள்ளைக்காரத் துண்டுப் படம் ஒன்றை ஓட்டுவார்கள். ஒரு நாள் முதல் ஆட்டத்துக்கு நானும் அத்திம்பேரும் போனோம். திரையில் ஒரு குண்டனும் ஒரு ஒல்லியும் வந்தார்கள். பெரிய சோபா ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். குண்டன் விரலை நீட்டி உத்தரவு போட்டான். ஒல்லி தலையாட்டினான். குறுக்கே ஒரு நாய் போயிற்று. ஒல்லி அதைப் பார்க்கத் திரும்பினான். சோபாவும் திரும்பியது. குண்டன் தண்ணீர்த் தொட்டிக்குள் போனான். எழுந்து, சொட்டச் சொட்ட நின்று, ஒல்லியைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தான்.

கொட்டாய் முழுக்கச் சிரித்தது. பிறகு பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "தோ பார்றா, நம்ம அய்யரு ஜோடி!" அதன்பிறகு ஜனம் திரையைப் பார்த்துச் சிரித்ததா எங்களைப் பார்த்துச் சிரித்ததா என்று தெரியவில்லை. ஐயங்காரை அய்யர் என்றதற்கு அத்திம்பேருக்கு வந்திருக்க வேண்டிய கோபம்கூட வரவில்லை. அவரும் தொந்தி குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்தேன். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டோம் என்று அப்போது தெரியாது.

அடுத்த புறப்பாடு சின்னதுதான். சாயங்காலம், மாடவீதி சுற்றி வருவது. தெற்கு வீதியில் குறுக்கே ஒரு நாய் போயிற்று. கோவில் வீதியில் நாய் போகாமல் யானையா போகும்? ஆனால் நான் அத்திம்பேரைப் பார்த்தேன். அத்திம்பேர் என்னைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. எனக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. பல்லைக் கடித்தேன். அவர் தொந்தி குலுங்கியது, தொந்தியோடு தோள் குலுங்கியது, தோளோடு தண்டு குலுங்கியது. பின்னாலிருந்து "என்ன பண்றேள்!" என்று ஒரு அலறல். நிமிர்ந்து பார்த்தபோது பெருமாளின் மாலை ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். மாலை மட்டும்தான். வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாகனம் கோவிலுக்குத் திரும்புகிறவரை அந்தச் சரிந்த மாலைதான் என் கண்ணில் நின்றது. இறக்கிவைத்ததும் கோவில் மடப்பள்ளிச் சுவரோரம் போய் உட்கார்ந்தோம். அத்திம்பேருக்கு மூச்சு வாங்கியது.

"இனிமே என்னைப் பாக்காதேடா. நானும் உன்னைப் பாக்க மாட்டேன். பாத்தா போச்சு."

"பாக்காம எப்படி அத்திம்பேர் கால் எடுக்கறது?"

"நான் 'ம்' சொல்றேன். அதுக்கு எடு."

அப்படித்தான் ஆயிற்று. அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நேரே பார்த்துக்கொண்டு நடந்தோம், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி. ஒவ்வொரு அடிக்கும் அவரிடமிருந்து ஒரு "ம்" வரும். நாதஸ்வரத்துக்கு நடுவிலும் அது என் காதில் விழும். ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வாகனம் வருகிறபோதே சைக்கிள் கடை வாசலில் ஒரு சிரிப்பு ஓடும். "இன்னா சாமி, இன்னிக்கு எப்போ கீழ உழப்போறீங்க?" என்று டீக்கடைக்காரன் பகலில் கேட்பான். கெட்ட எண்ணமில்லாத மனுஷன். ஆனால் அதைக் கேட்டதும் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு எதிரே தெரிகிற ஒவ்வொரு பல்லும் பேயாக இருந்தது. நாங்கள் விழுவோம் என்று ஊரே காத்துக்கொண்டிருப்பதாகப் பட்டது.

பார்த்துப் பார்த்துச் சலித்தால் சிரிப்பு விட்டுப்போகும் என்று ஒரு யோசனை செய்தேன். மெட்ராஸில் சில தியேட்டர்களில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக அந்த மாதிரிப் படங்கள் போடுவார்கள். தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். குண்டன் ஒல்லி மட்டுமல்ல, அமெரிக்காவில் அதற்கென்று ஒரு பட்டாளமே இருந்திருக்கிறது. உயரமானவனும் குள்ளனும், வாயாடியும் ஊமைக்கோட்டானும், கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்கிறவனும் அவனை நம்புகிறவனும். எல்லா ஜோடிக்கும் சரக்கு ஒன்றுதான். ஒருவன் செய்வது மற்றவனுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரியாதது நமக்குத் தெரியும். அதனால்தான் சிரிக்கிறோம். அவர்கள் ஒரே ஒரு தடவை திரும்பி ஒருவரையொருவர் சரியாகப் பார்த்துவிட்டால் யாரும் விழ மாட்டார்கள், படமும் ஓடாது.

இது தெரிந்ததும் சிரிப்பு உண்மையிலேயே போய்விட்டது. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்ன? பார்க்கக் கூடாது என்பதுதானே! சிரிப்புக்குப் பயந்து, சிரிப்பு எதனால் வருகிறதோ அதையே பிடித்துக்கொண்டிருந்தோம். அத்திம்பேரிடம் சொல்லலாம் என்று போனேன். "நீ சினிமாவுக்குப் போறதைக் கொறைச்சுக்கோ" என்று முடித்துவிட்டார்.

இன்னொன்றையும் அந்தப் படங்களில் பார்த்தேன். அத்தனை அடி பட்டபிறகும் குண்டன் வேறு ஆளைத் தேடிப் போவதில்லை. வெடித்துச் சிதறிய வீட்டிலிருந்து வெளியே வந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மறுபடி அதே ஒல்லியோடுதான் தெருவில் நடப்பான். எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வருஷம் கருடசேவைக்கு முந்தின நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு மூணு நாளா அவருக்கு இடது கை மரத்துப் போறதுடா. இன்னிக்குக் காப்பி டம்ளர் கைலேர்ந்து நழுவிடுத்து. யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கார். உன்கிட்ட சொல்றேன்."

"டாக்டர்கிட்ட?"

"உற்சவம் முடியட்டும்கறார். எனக்கு ரெண்டும் பொண்ணு. வலது தண்டு காலியாப் போகப்படாதாம்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ பக்கத்துலதானே இருக்கப்போற. அவரையே பாத்துண்டிரு. ஏதாவது ஒண்ணுன்னா உனக்குத்தான் முதல்ல தெரியும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஒருத்தர் பார்க்காதே என்கிறார், ஒருத்தி பார்த்துக்கொண்டே இரு என்கிறாள். சாயங்காலம் அத்திம்பேரைப் போய்ப் பார்த்து, ஒரு தடவை வேறு யாராவது நிற்கட்டுமே என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கக்கா சொன்னாளா?" என்றார். நான் அவர் இடது கையைப் பார்த்தேன். "ஒண்ணுமில்லடா. வாயு" என்றார்.

கருட வாகனம் பெரிது. சின்னக் கோவிலுக்கு அதுதான் பெரிய பாரம். காலை வெயில் ஏறுவதற்குள் கோபுர வாசலைத் தாண்டினோம். பட்டர் வாகனத்தில் நின்று பெருமாளைப் பிடித்திருந்தார். குடை பிடித்தார்கள், நாதஸ்வரம் கிளம்பியது. "ம்" என்றார் அத்திம்பேர். எடுத்தேன். "ம்." எடுத்தேன். நேரே பார்த்துக்கொண்டு காதை மட்டும் அவரிடம் கொடுத்திருந்தேன். அன்றைக்கு என் உயிர் முழுக்க அந்தக் காதில் இருந்தது.

கிழக்கு வீதி முழுக்க ஒன்றுமில்லை. தெற்கு வீதிக்குத் திரும்புகிற இடத்தில் வெளித்தண்டில் இருக்கிற நான் எட்டி எட்டி நடக்க வேண்டும், உள்தண்டில் இருக்கிற அவர் நின்ற இடத்திலேயே கால் மாற்ற வேண்டும். "ம்" வந்தது. அடுத்த "ம்" வர நேரமாயிற்று. வந்தது "ம்" இல்லை. ஏதோ ஒரு முனகல், இழுத்தது. தண்டு என் பக்கம் கனத்தது. சைக்கிள் கடை வாசலில் ஒருத்தன் சிரித்தான். பிறகு இரண்டு பேர். பிறகு வரிசையாகச் சிரிப்பு.

பார்க்கக் கூடாது. பார்த்தால் சிரிப்பு வரும், சிரித்தால் பெருமாள் போய்விடுவார். அந்த நிமிஷத்திலும் எனக்கு அந்தப் பயம்தான் முதலில் வந்தது. எதிரே எல்லா முகமும் இளித்துக்கொண்டிருந்தது. அவர் வேண்டுமென்றே ஏதாவது சேஷ்டை செய்கிறாரா? அத்திம்பேரா? பெருமாளுக்கு அடியிலா?

திரும்பிப் பார்த்துவிட்டேன்.

அவர் முகத்தின் இந்தப் பக்கம், என்னைப் பார்த்த பக்கம், கீழே இழுத்துக்கொண்டிருந்தது. வாய் கோணி எச்சில் வழிந்தது. மறுபக்கம் பழைய அத்திம்பேர். இடது கை தண்டைவிட்டு நழுவித் தொங்கியது. வலது கையைக் குறுக்கே கொண்டுவந்து தண்டை மார்போடு கட்டிப் பிடித்திருந்தார். இடது கால் தரையில் கோடு கிழித்தது. ஒற்றைக் காலால் கருடனைத் தாங்கிக்கொண்டிருந்தார். ஊர் சினிமா பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆயக்கால்!" என்று கத்தினேன். தண்டை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற கவைக்கோல் அது. பக்கத்தில் அதைச் சுமந்து வருகிறவர்கள் ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேருகிறவரை என் தோளை உள்ளே தள்ளி, பாரத்தை என் பக்கம் இழுத்தேன். அவர் கண் என்னிடம் வந்தது. எத்தனையோ புறப்பாடுகளுக்குப் பிறகு நாங்கள் தண்டுக்கு அடியில் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் ஏதோ சொன்னார். குழறலாக வந்தது. மறுபடி சொன்னார்.

"சிரிச்சுடாதேடா."

கோலை ஊன்றினார்கள். தண்டு நின்றது. அப்புறம்தான் அவர் கையை விட்டார்.

சிரிப்பு அடங்கிவிட்டது. நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். கையும் காலும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு குறுக்குச் சந்து வழியாக அவர் வீட்டுக்கு ஓடினார்கள். நாலு பேர் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறபோது மனசு எங்கே போகுமோ அங்கேதான் போயிற்று. நானும் ஓட வேண்டும். ஆனால் பெருமாள் நடுவீதியில் நிற்கிறார். பின்னால் இருந்தவர் ஒருவர் வலது நுனிக்கு வந்தார். நான் என் இடத்திலேயே நின்றேன். மறுபடி நாதஸ்வரம் கிளம்பியது. புதுசாக வந்தவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். கால் எடுத்தேன்.

அத்திம்பேர் வீடு மேற்கு வீதியில். எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பெருமாள் போகிற தெருவில் சாவு விழுந்திருந்தால் அவர் அந்தத் தெருவுக்குள் எழுந்தருளமாட்டார். முன்னால் நடக்கிற கோவில் மணியக்காரர் தெருமுனையில் கையை உயர்த்துவார், வாகனம் அங்கேயே நின்றுவிடும். தெற்கு வீதி முழுக்க நான் அந்த மணியக்காரரின் வலது கையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அவர் மேல்துண்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கினார். என் உயிர் போய் வந்தது. சந்திலிருந்து ஒருவன் வேகமாக வந்து அவர் காதில் ஏதோ சொன்னான். மணியக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெருமாளே, நிறுத்தாதேயும், நிறுத்தாதேயும் என்று முணுமுணுத்துக்கொண்டு நடந்தேன். தோளில் இருக்கிறவரிடமே கெஞ்சினேன். முனை நெருங்க நெருங்க என் கால் பின்னுக்கு இழுத்தது. இடது கன்னத்தில் வியர்வை ஓடியது, துடைக்கக் கையில்லை.

மணியக்காரர் முனைக்கு வந்தார். நின்றார். பிறகு மேற்கு வீதிக்குள் திரும்பி நடந்தார்.

நான் அழுதுவிட்டேன். தண்டுக்கு அடியில் சிரிக்கத்தான் கூடாது, அழலாம் போலிருக்கிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டு வாசலில் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு அவரைத் தலையணை வைத்துச் சாய்த்திருந்தார்கள். உள்ளே படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தாராம். வாகனம் வாசலில் நின்றது. அத்திம்பேர் வலது கையைத் தூக்கினார். இடது கை மடியில் கிடந்தது. அக்கா அந்தக் கையை எடுத்து வலது கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படித்தான் அவர் சேவித்தார். கற்பூரம் காட்டினார்கள். வாகனம் கிளம்ப வேண்டும். புதியவர் என் பக்கம் திரும்புவதற்கு முன்னால் கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

"ம்."

எடுத்தேன்.

அதன்பிறகு அவர் தண்டுக்கு வரவில்லை. உயிர் தங்கியது, நாளடைவில் பேச்சும் கொஞ்சம் திரும்பியது, தடி ஊன்றி நடந்தார். முகத்தின் இடது பாதி மட்டும் திரும்பவில்லை. நான் இன்னும் சில வருஷம் சுமந்தேன். எனக்கு ஜோடியாக அமைந்தவர் என் உயரம், என் உடம்பு, தப்பே செய்யாதவர். எங்களைப் பார்த்து ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "நான் நன்னாத்தான் இருக்கேன் ஓய்" என்று அவர் அலுத்துக்கொள்வார்.

மெட்ராஸில் டிவி வந்தது எழுபதுகளின் நடுவில். எங்கள் தெருவில் முதலில் வாங்கியவர் வீட்டு மாடியில் மூங்கில் மரம் மாதிரி ஆன்டெனா நட்டார்கள். ஒரு நாள் சாயங்காலம் பழைய அமெரிக்கக் காமெடி போடுகிறார்கள் என்றதும் அத்திம்பேர் தடியை எடுத்துக்கொண்டார். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. அவரைத் தனியாக அனுப்பவும் மனசில்லை. போனோம். கூடத்தில் குழந்தைகள் நிறைந்திருந்தார்கள். எங்கள் இருவருக்கும் பின்னால் ஒரு பெஞ்சு போட்டார்கள். அவர் வழக்கம்போல் எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தார்.

குண்டனும் ஒல்லியும் வந்தார்கள். ஏதோ ஒன்றை இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். அவர்கள் தூக்குவதற்கு முன்பே குழந்தைகள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். என் உள்ளங்கை வியர்த்தது. அத்திம்பேர் குலுங்கினார். பெஞ்சு ஆடியது. சட்டென்று திரும்பினேன். அவர் முகத்தின் ஒரு பாதி சிரித்துக்கொண்டிருந்தது. என் பக்கத்துப் பாதியில் ஒரு அசைவும் இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, குழறிக்கொண்டே என்னிடம் திரையைக் காட்டினார்.

"அங்க பாருடா, அங்க பாரு."

நான் பார்க்கவில்லை. படம் முடிகிறவரை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.